மூன்றடுக்கு பிரவுனி சரிந்தது! குற்றவாளி யார்? நங்கநல்லூர் சமையலறையில் ஒரு விசாரணை

சென்னை-

நங்கநல்லூரில் ஒரு மாடி வீடு. ராத்திரி மணி 10. பழவந்தாங்கல் பக்கம் மின்சார ரெயில் போகும் சத்தம் லேசாகக் கேட்கிறது.

சமையலறை மேஜை மேல் ஒரு தட்டு. அதில் மூன்று அடுக்காக நிமிர்ந்து நிற்க வேண்டிய பிரவுனி ஒரு பக்கமாகச் சரிந்து கிடக்கிறது. நடுவில் வைத்த கிரீம் வழிந்துவிட்டது. மேலே ஊற்றிய சாக்லெட், தட்டின் ஓரத்தில் குளம் கட்டி நிற்கிறது.

மாமியார் எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா இது? மூணு மாடி கட்டறேன்னு சொன்னே. அஸ்திவாரத்தோட விழுந்து கிடக்கே!"

மருமகள் பதில் சொல்லவில்லை. கண்ணில் நீர் முட்டியது. மறுநாள் காலை 11 மணிக்கு 30 துண்டு கொடுத்தாக வேண்டும். மாடி வீட்டு மாமியிடம் முன்பணம் ரூ.500 வாங்கியாகிவிட்டது!

குற்றவாளி யார்? மாவா? அடுப்பா? வெண்ணெயா?

இது குறிப்பிட்ட ஒரு வீட்டில் நடந்த சம்பவம் அல்ல. விஷயம் புரிவதற்காகச் சொல்லப்படும் ஒரு குடும்பத்தின் கதை. ஆனால் இதில் வரும் தப்புகள் ஒவ்வொன்றும் நிஜம். முதல் தடவை அடுக்கு பிரவுனி சுடுகிற எந்த வீட்டிலும் நடப்பவை.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

விவேகானந்தர் போன ஊர்ப் பலகாரம்

பிரவுனி என்பது கேக்குக்கு தம்பி. கேக் உப்பி, பஞ்சு போல் இருக்கும். பிரவுனி உப்பாது. தட்டையாக, கனமாக, உள்ளே ஈரப்பசையோடு இருக்கும். மாவு குறைவு. வெண்ணெய், சர்க்கரை, சாக்லெட் அதிகம்.

இதன் பிறப்பிடம் அமெரிக்கா. சிகாகோ நகரில் 1893-ம் ஆண்டு பெரிய உலகக் கண்காட்சி நடந்தது. அந்தக் கண்காட்சியின் மகளிர் குழுவுக்குத் தலைவி பெர்த்தா பாமர் என்ற சீமாட்டி. அவருடைய குடும்பத்துக்குச் சொந்தமான ஓட்டல் 'பாமர் ஹவுஸ்'. பெண்கள் மதிய சாப்பாட்டுப் பெட்டியில் வைத்து எடுத்துப் போக, கையில் ஒட்டாத சின்ன இனிப்பு ஒன்று செய்து தரும்படி அவர் சமையல்காரர்களிடம் கேட்டார். அப்படிப் பிறந்ததுதான் பிரவுனி என்பது அந்த ஓட்டல் சொல்லும் வரலாறு. அடியில் சாக்லெட் வில்லை, அதன் மேல் வால்நட் பருப்பு, அதற்கும் மேலே ஏப்ரிகாட் பழப்பாகு. ஆக, பிறந்தபோதே பிரவுனி அடுக்குப் பலகாரம்தான்!

சென்னைக்காரர்களுக்கு அந்த ஆண்டு வேறு விதத்தில் நினைவிருக்கும். அதே கண்காட்சியை ஒட்டி நடந்த சர்வமத மகாசபையில்தான் 1893 செப்டம்பர் 11-ந் தேதி விவேகானந்தர் பேசினார். அவர் கப்பல் ஏறுவதற்குப் பணம் திரட்டியதில் சென்னை சீடர்களுக்கு முக்கிய பங்கு உண்டு.

சென்னை வீட்டுச் சமையலறைகளில் பிரவுனி பெரிய அளவில் நுழைந்தது ரொம்பப் பிந்தி. 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தது. கடைகள் பூட்டிக் கிடந்தன. பிள்ளைகளின் பிறந்த நாளுக்கு கேக் வாங்க வழியில்லை. வீட்டில் கேக் சுடுகிறவர்கள் பெருகினார்கள். சிலருக்கு அது பொழுதுபோக்கு. பலருக்கு அதுவே வருமானம் ஆயிற்று.

500 ரூபாய் முன்பணம்

நம் கதையில் வரும் மருமகளுக்கும் அந்த ஆசைதான். பையனின் பள்ளிக்கூட வேன் கட்டணத்துக்காவது ஆகுமே என்ற எண்ணம். சாதா கேக் நாலு தடவை சுட்டிருக்கிறார். நன்றாகவே வந்தது.

அதைச் சாப்பிட்ட மாடி வீட்டு மாமி, ஒரு நாள் படி இறங்கி வந்தார்.

"பேரனுக்கு ஞாயித்துக்கிழமை பொறந்த நாள். கடையில வாங்கினா முட்டை கலந்திருக்கோன்னு பயமா இருக்கு. நீ பண்ணித் தரியாடிம்மா? மூணு அடுக்கா, படத்துல இருக்கற மாதிரி?"

"பண்ணித் தரேன் மாமி!"

இந்த ஒரு வார்த்தையில்தான் வம்பு ஆரம்பமானது. அடுக்கு பிரவுனியை அவர் அதுவரை ஒரு தடவை கூடச் செய்ததில்லை!

முதல் சந்தேகம்: டம்ளர்

சனிக்கிழமை சாயங்காலம் வேலை தொடங்கியது. செய்முறையில் 'ஒரு கப் மைதா' என்று போட்டிருந்தது. கப் வீட்டில் இல்லை. காபி டம்ளரை எடுத்து அளந்தார்.

செய்முறைப் புத்தகங்களில் 'கப்' என்றால் சுமார் 240 மில்லி. நம் வீட்டு டம்ளர்களுக்கு அப்படி ஒரு கணக்குக் கிடையாது. ஒன்று 150 மில்லி பிடிக்கும். இன்னொன்று 300 பிடிக்கும்.

"எல்லாத்தையும் ஒரே டம்ளரால அளந்தா சரிதானே?" என்று கேட்கலாம். எல்லாமே டம்ளர் கணக்கு என்றால் சரிதான். ஆனால் செய்முறையில் வெண்ணெயும் சாக்லெட்டும் கிராமில் இருந்தன. மாவு மட்டும் டம்ளரில் போனது. கணக்கு அங்கேயே உதைத்தது.

மைதாவில் இன்னொரு சூட்சுமம். லேசாக அள்ளிப் போட்டால் ஒரு கப் 125 கிராம் அளவில் நிற்கும். அழுத்தி அழுத்தி நிரப்பினால் 150 கிராமுக்கு மேல் போய்விடும். அந்த வித்தியாசமே பிரவுனியைக் காய்ந்த ரொட்டி ஆக்கப் போதும்.

மளிகைக் கடைக்காரர் தராசு இல்லாமல் வியாபாரம் செய்வாரா? பிரவுனிக்கும் தராசு வேண்டும். சமையலறையில் வைக்கிற சின்ன எலெக்ட்ரானிக் தராசு போதும்.

இரண்டாவது சந்தேகம்: கை

மாவைப் போட்டுக் கலக்கு கலக்கு என்று கலக்கினார், நம் கதாநாயகி. மாமியாரிடம் கற்ற பழக்கம். உளுந்து மாவை எவ்வளவு நேரம் அரைத்துக் கொடப்புகிறோமோ அவ்வளவு மெத்தென்று வடை வரும். நங்கநல்லூர் 32 அடி ஆஞ்சநேயருக்கு வடை மாலை சாத்துகிற ஊரில் இது எல்லோருக்கும் தெரிந்த பாடம்.

ஆனால் உளுந்து வேறு, மைதா வேறு. பரோட்டா மாஸ்டர் மைதாவை அடித்து, இழுத்து, பிசைவது எதற்காக? ரப்பர் மாதிரி இழுவை வருவதற்காக. பரோட்டாவுக்கு அந்த இழுவை வேண்டும். பிரவுனிக்கு அதுதான் எதிரி. வெள்ளை மாவு கண்ணுக்குத் தெரியாமல் மறைந்ததும் கரண்டியைக் கீழே வைத்துவிட வேண்டும். அங்கங்கே சின்னக் கட்டி இருந்தாலும் குற்றமில்லை.

மூன்றாவது சந்தேகம்: டின்

30 துண்டு வேண்டும். கையில் இருந்தது 8 அங்குல சதுர டின் ஒன்றுதான். இரண்டுக்கு இரண்டு அங்குலமாக வெட்டினால் அதில் கிடைப்பது 16 துண்டு. ஆகவே இரண்டு மடங்கு மாவு கரைத்து, ஒரே டின்னில் ஊற்றிவிட்டார்!

விளைவு என்ன? ஓரம் கருகியது. மேலே ஓடு கட்டியது. நடுவே களி மாதிரி வேகாமல் நின்றது. மாவின் உயரம் இரட்டித்தால் சூடு நடுவுக்குப் போய்ச் சேர ரொம்ப நேரம் பிடிக்கும். அதற்குள் ஓரம் தீய்ந்துவிடும்.

இரண்டு பங்கு வேண்டுமானால் இரண்டு டின். இல்லையேல் ஒன்று முடிந்தபின் இன்னொன்று. இதற்குக் குறுக்கு வழி கிடையாது.

அடுப்பு மேல் புகார்

'அடுப்பு சரியில்லை' என்று அடுப்பின் மேல் புகார் சொல்வது வழக்கம். அடுப்பின் வாக்குமூலத்தையும் கேட்க வேண்டாமா?

ஓ.டி.ஜி. என்கிற மின்சார அடுப்பை முதலிலேயே போட்டு 10 நிமிடமாவது சூடேற்ற வேண்டும். தோசைக்கல் காயாமல் யாராவது மாவு ஊற்றுவார்களா? மாவை உள்ளே வைத்தபின் 20 நிமிடம் கதவைத் திறக்கக் கூடாது. திறந்து திறந்து பார்த்தால் உள்ளே இருக்கும் சூடு இறங்கிப் போகும்.

மைக்ரோவேவ் அடுப்பு வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது: அதில் 'கன்வெக்ஷன்' வசதி இருந்தால் அந்த முறையில்தான் பிரவுனி சுட வேண்டும். சாதா மைக்ரோவேவ் முறையில் உலோக டின்னை உள்ளே வைக்கவே கூடாது. தீப்பொறி பறக்கும்!

பிளக் விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். 1,500 வாட் அடுப்பு ஒன்று 230 வோல்ட்டில் ஆறரை ஆம்பியர் இழுக்கும். சுவரில் இருக்கும் சின்ன பிளக் 6 ஆம்பியருக்குத்தான். கிரைண்டருக்கும் மிக்சிக்கும் போட்ட எக்ஸ்டென்ஷன் பெட்டியில் அடுப்பையும் சொருகினால் ஒயர் சூடாகி உருகும். தீ விபத்துக்கு வழி அதுவே. 16 ஆம்பியர் பெரிய பிளக்கில் நேராகச் சொருக வேண்டும். மின்சாரச் செலவு பயப்படும்படி இல்லை. அத்தகைய அடுப்பு 40 நிமிடம் முழுதாக எரிந்தால் ஒரு யூனிட்.

மின்சார அடுப்பு இல்லாத வீடுகளில், அடி கனமான பழைய பாத்திரத்தில் உப்பையோ மணலையோ பரப்பி, மேலே ஒரு வளையம் வைத்து, டின்னை அதன் மேல் வைத்து மூடிச் சுடுகிறார்கள். அது நடக்கிற காரியம்தான். பிரஷர் குக்கரில் செய்தால் மட்டும் வெயிட்டையும் கேஸ்கெட்டையும் கழற்றிவிட வேண்டும். தண்ணீரில்லாமல் சூடாக்குவது குக்கருக்கு ஆகாது என்பதால், நல்ல குக்கரை இதற்குப் பலி கொடுக்காமல் இருப்பது மேல்.

சிக்கியது முக்கிய குற்றவாளி!

மணி 8 ஆகிவிட்டது. அடி அடுக்கு அடுப்பிலிருந்து கொதிக்கக் கொதிக்க வெளியே வந்தது. நடு அடுக்குக்கு கிரீம் அடிக்க வேண்டும்.

கடையில் வாங்கிய சாதா பிரெஷ் கிரீமைப் பாத்திரத்தில் ஊற்றி, அரை மணி நேரம் பீட்டர் போட்டு அடித்தார். அது எழும்பவே இல்லை. எழும்பாது! கிரீம் அடித்தால் நுரைத்து நிற்பதற்குச் சுமார் 30 சதவீதமாவது கொழுப்பு வேண்டும். நம் ஊர் மளிகைக் கடைகளில் அட்டைப் பெட்டியில் கிடைக்கும் பிரெஷ் கிரீமில் பெரும்பாலும் 25 சதவீதம்தான். பெட்டியின் மேல் அச்சிட்டே இருக்கும். படிப்பதற்குத்தான் நேரமில்லை.

மணி 9. 'போனால் போகிறது' என்று அந்தத் தளதள கிரீமை, இன்னும் சூடு ஆறாத பிரவுனி மேல் ஊற்றினார். கிரீம் உருகி ஓடியது. அதன் மேல் சூடான சாக்லெட் பாகு. மூன்றும் ஒன்றாகி, தட்டைச் சாய்த்ததும் மொத்தமும் நழுவியது!

இப்போது தெரிகிறதா குற்றவாளி யார் என்று?

மாவு அல்ல. அடுப்பு அல்ல. வெண்ணெயும் அல்ல. டம்ளரும் டின்னும் உடந்தைகள் மட்டுமே. முக்கிய குற்றவாளி அவசரம்!

அடுக்கு பிரவுனியின் ரகசியம் ஒன்றே ஒன்று. ஒவ்வொரு அடுக்கும் முழுதாக ஆறி, இறுகிய பின்தான் அடுத்த அடுக்கு ஏற வேண்டும். வீடு கட்டுகிறவர் ஒரு தளத்துக்குக் கான்கிரீட் போட்டு, அது இறுகும் முன் அடுத்த தளம் எழுப்புவாரா? சமையலறையிலும் அதே சட்டம்தான்.

மைசூர் பாகுக்குப் பழகிய கைக்கு இது கஷ்டமாக இருக்கும். மைசூர் பாகை சூடு இருக்கும்போதே வில்லை போட வேண்டும், ஆறினால் உடைந்துவிடும். பிரவுனி நேர் எதிர். சூட்டில் வெட்டினால் பிய்ந்துவிடும். ஆறி, குளிர்ந்தால்தான் வில்லை விழும்.

சாக்லெட்டுக்கு வெயில் ஆகாது

சென்னையில் இன்னொரு எதிரி உண்டு. வெயில்!

அசல் சாக்லெட்டில் இருக்கும் கோகோ வெண்ணெய் சுமார் 34 டிகிரி சென்டிகிரேடில் உருகிவிடும். நம் உடம்புச் சூடு 37. அதனால்தான் சாக்லெட் நாக்கில் பட்டதும் கரைகிறது. மே மாதத்தில் சென்னை வெயில் 37, 38 டிகிரியைத் தொடுவது வழக்கம். ஆக, அக்கினி நட்சத்திரத்தில் நங்கநல்லூர் சமையலறையே ஒரு பெரிய வாய்!

மேல் அடுக்குக்குச் சாக்லெட்டும் கிரீமும் சம எடை என்று வெளிநாட்டுச் செய்முறைகள் சொல்வதுண்டு. இங்கே அது இளகிவிடும். சாக்லெட் இரண்டு பங்கு, கிரீம் ஒரு பங்கு என்று போட்டால் நிற்கும்.

கிரீம் வைத்த பண்டத்தை வெளியே 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. கொளுத்தும் வெயிலில் ஒரு மணி நேரமே அதிகம். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவேதான் கிருமிகள் பெருகும். பிறந்த நாள் வீட்டில் பத்துப் பிள்ளைகள் வாந்தி எடுத்தால் அது பலகாரச் செய்தியாக இருக்காது. வேறு பக்கத்துச் செய்தி ஆகிவிடும்.

முட்டை இல்லை, சரி... எலும்பு?

மாமி கேட்டது முட்டை இல்லாத பிரவுனி. முட்டையை விடுவது எளிது. அதன் இடத்தில் கெட்டித் தயிர். தயிரின் புளிப்பும் சமையல் சோடாவும் சேர்ந்தால் வாயு கிளம்பி மாவை லேசாக உப்ப வைக்கும். ஒரே நிபந்தனை: கலந்த மாவை உடனே அடுப்பில் வைக்க வேண்டும். நேரம் கடந்தால் வாயு போய்விடும்.

ஆனால் கவனிக்காமல் விடும் விஷயம் இன்னொன்று உண்டு. அடுக்கு பிரவுனிச் செய்முறைகள் பலவற்றில் நடு அடுக்காக 'மார்ஷ்மல்லோ' என்ற வெள்ளை மிட்டாய் போடச் சொல்வார்கள். அதில் பெரும்பாலும் ஜெலட்டின் இருக்கும். ஜெலட்டின் என்பது மாடு, பன்றி போன்றவற்றின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுப்பது!

சைவ வீட்டுக்குச் செய்து தருகிறவர் இதைத் தெரியாமல் போட்டுக் கொடுத்தால், தெரிந்த அன்று அந்த வீட்டு வாசலை மிதிக்க முடியுமா? பாக்கெட்டில் பச்சை சதுரத்துக்குள் பச்சைப் புள்ளி இருந்தால் சைவம். பழுப்பு நிறச் சதுரத்துக்குள் முக்கோணம் இருந்தால் அசைவம். முட்டை சேர்ந்ததும் சட்டப்படி அசைவ அடையாளத்தில்தான் வரும். ஜெல்லி போல் இறுக வேண்டுமானால் கடற்பாசியில் எடுக்கும் சைனா கிராஸ் இருக்கவே இருக்கிறது.

மறு விசாரணை: சரியான முறை

எட்டு அங்குல டின் ஒன்றுக்கு, 16 துண்டுக்கான கணக்கு இதோ:-

அடி அடுக்கு: மைதா 125 கிராம், கோகோ தூள் 40 கிராம், பேக்கிங் பவுடர் அரை டீஸ்பூன், சமையல் சோடா கால் டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை. இவற்றைச் சலித்து வைக்க வேண்டும். சாக்லெட் 100 கிராம், வெண்ணெய் 100 கிராம் இரண்டையும் கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் வேறு கிண்ணம் வைத்து உருக்க வேண்டும். கிண்ணத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் சாக்லெட் கட்டி தட்டிவிடும். ஜாக்கிரதை! அதில் பொடித்த சர்க்கரை 150 கிராம், கெட்டித் தயிர் 120 கிராம், பால் 60 மில்லி சேர்க்க வேண்டும். இரண்டு ஸ்பூன் காபி டிகாஷன் விட்டால் சாக்லெட் வாசனை தூக்கலாக இருக்கும். கடைசியில் மாவைப் போட்டு, மறையும் வரை மட்டும் கலக்க வேண்டும்.

டின்னில் பட்டர் பேப்பரை இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி விரிக்க வேண்டும். பிறகு மொத்தப் பிரவுனியையும் அதைப் பிடித்தே தூக்கிவிடலாம். சூடேறிய அடுப்பில் 170 டிகிரியில் 25 முதல் 30 நிமிடம். பல் குத்தும் குச்சியை நடுவில் குத்தினால் ஈரமான துகள் ஒட்டி வர வேண்டும். கூழ் ஒட்டினால் இன்னும் வேகவில்லை. ஒன்றுமே ஒட்டாவிட்டால் சற்று அதிகம் வெந்துவிட்டது.

வெளியே எடுத்து, டின்னோடு முழுதாக ஆற விட வேண்டும். குறைந்தது இரண்டு மணி நேரம். சூட்டோடு பிரிஜ்ஜில் வைத்தால் பக்கத்தில் இருக்கும் பாலும் தயிரும் கெட்டுப் போகும்.

நடு அடுக்கு: சென்னைக்கு ஏற்றது வேர்க்கடலை. வேர்க்கடலை வெண்ணெய் 150 கிராம், சாதா வெண்ணெய் 50 கிராம், ஐசிங் சர்க்கரை 100 கிராம். குழைத்து, ஆறிய பிரவுனி மேல் ஒரே சீராகப் பூச வேண்டும். கிரீம் மாதிரி ஓடாது. பிரிஜ்ஜில் ஒரு மணி நேரம்.

மேல் அடுக்கு: கிரீம் 75 கிராம் சூடாக்கி, நறுக்கிய சாக்லெட் 150 கிராமில் ஊற்றி, கரைந்ததும் கை பொறுக்கும் சூட்டுக்கு ஆற விட்டு, பிறகு ஊற்ற வேண்டும். மறுபடி பிரிஜ்ஜில் ஒரு மணி நேரம்.

வெட்டும்போது கத்தியை வெந்நீரில் முக்கித் துடைத்து, ஒரு வெட்டு. மறுபடி முக்கித் துடைத்து, அடுத்த வெட்டு. அப்போதுதான் மூன்று நிறமும் கோடு போட்ட மாதிரி தெரியும்.

கூட்டிப் பார்த்தால் ஆறு மணி நேரம்! இதில் கை வேலை ஒரு மணி நேரம்கூட இல்லை. மீதி எல்லாம் காத்திருப்பது. ஞாயிறு காலை கொடுக்க வேண்டியதற்கு சனி சாயங்காலம் ஆரம்பித்தால் உருப்படுமா?

தலச்சேரி பாபு செய்தது என்ன?

'அனுபவம் இல்லாதவர் இதில் கை வைக்கவே கூடாதா?' என்று கேட்டால், கூடும். கேரளத்தில் தலச்சேரியில் 1883-ம் ஆண்டு நடந்ததைக் கேளுங்கள்.

மம்பள்ளி பாபு என்பவர் பர்மாவில் பிஸ்கட் தொழில் கற்று வந்து, தலச்சேரியில் பிஸ்கட் செய்து வந்தார். மர்டாக் பிரவுன் என்ற வெள்ளைக்காரத் தோட்ட முதலாளி ஒரு கிறிஸ்துமஸ் கேக்கைக் காட்டி, 'இதே மாதிரி செய்து தர முடியுமா?' என்று கேட்டார். பாபு அதுவரை கேக் செய்ததே இல்லை. கேக்கை ருசி பார்த்தார். செய்முறையைக் கேட்டுக்கொண்டார். கொல்லரிடம் சொல்லி அச்சு அடித்தார். பிரெஞ்சு பிராந்திக்குப் பதில் உள்ளூர்ச் சரக்கைச் சேர்த்தார். கேக்கைத் தின்ற துரை, இன்னும் ஒரு டஜன் கேட்டார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. இந்தியாவில் முதன்முதலில் கிறிஸ்துமஸ் கேக் சுட்டவர் என்ற பெயர் அவருக்கு நிலைத்துவிட்டது.

பாபுவும் கற்றுக்குட்டிதான். ஆனால் அவருக்கு நாள் இருந்தது. கேட்டவருக்கும் அவர் முதல் தடவை செய்கிறார் என்று தெரிந்திருந்தது. வித்தியாசம் அங்கேதான்.

விற்பதானால் பதிவு வேண்டும்

வீட்டில் தின்பதற்குச் சுட்டால் யாரும் கேட்கப் போவதில்லை. காசு வாங்கினால் அது வியாபாரம். 2006-ம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் சமையலறை வரை வரும்.

வீட்டிலிருந்து கேக் விற்கிறவரும் எப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எனப்படும் ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். 2011-ல் வந்த விதிகள், ஆண்டு விற்பனை ரூ.12 லட்சத்துக்குள் உள்ள சிறு தொழிலுக்குப் பதிவுக் கட்டணமாக வகுத்தது ஆண்டுக்கு ரூ.100. மனுப் போடும் நாளில் உள்ள கட்டணத்தைப் பார்த்துக் கட்டிக்கொள்ளலாம். மனு கொடுப்பது 'போஸ்கோஸ்' என்ற இணையதளத்தில். பதிவானதும் 14 இலக்க எண் கிடைக்கும்.

பெட்டியின் மேல் என்னென்ன சேர்ந்தது என்று எழுதி ஒட்டுவது நல்லது. முக்கியமாக வேர்க்கடலை, பால், கோதுமை, முந்திரி. வேர்க்கடலை ஒவ்வாத பிள்ளைக்கு ஒரு துண்டே உயிருக்கு ஆபத்தாக முடியலாம். 'யாருக்காவது கடலை ஒத்துக்காதா?' என்று கேட்பதற்கு அரை நிமிடம் போதும்.

மாடிப்படியில் ஒரு நிமிடம்

மறுபடி அந்த வீட்டுக்கு வருவோம். மணி பத்தரை.

"மேலே சாக்லெட் பவுடர் தூவி, கப்புல அடைச்சுக் கொடுத்திடேன். யாருக்குத் தெரியப் போறது?" என்றார் கணவர்.

மருமகள் யோசித்தார். நடுப்பகுதி வேகவே இல்லை. பச்சை மாவில் கிருமி இருக்கலாம். சாப்பிடப் போவது ஒரு வயதுக் குழந்தை வீட்டுப் பிள்ளைகள்.

"வேண்டாங்க" என்றார். 500 ரூபாயை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினார்.

"மாமி, மன்னிச்சுக்கோங்க. நான் இதை இதுக்கு முன்னாடி செஞ்சதில்லை. உங்ககிட்ட அதைச் சொல்லியிருக்கணும். சரியா வரலை. இந்தாங்க பணம்."

மாமி ஒரு நிமிடம் பேசவில்லை. பிறகு சிரித்தார்.

"இதுக்கா இந்த ராத்திரியில அழுதுண்டு வந்தே? குழந்தைக்கு கேசரி பண்ணிட்டாப் போறது. அவனுக்கு என்ன தெரியும், அடுக்கும் மாடியும்! பணம் உங்கிட்டயே இருக்கட்டும். அடுத்த மாசம் எங்க கல்யாண நாள். ரெண்டு பேருக்கு நாலு துண்டு போதும். அதுக்குள்ள பழகிக்கோ."

"பணம் இப்ப வேண்டாம் மாமி. முதல்ல நல்லா வரட்டும்."

அடுத்த வாரம் ஒரு தராசு வாங்கினார். வெள்ளிக்கிழமை காலையிலேயே அடி அடுக்கு தயார். சாயங்காலம் நடு அடுக்கு. ராத்திரி மேல் அடுக்கு. சனிக்கிழமை காலை வெந்நீரில் கத்தியை முக்கினார். மாமியார் பக்கத்தில் துணியோடு நின்றார், ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடைத்துக் கொடுக்க.

முதல் துண்டைத் தட்டில் வைத்தார்கள். கீழே கறுப்பு. நடுவே மஞ்சள். மேலே பளபளவென்று இன்னொரு கறுப்பு.

மாமியார் தட்டை மெல்லச் சாய்த்துப் பார்த்தார். நழுவவில்லை.

"கட்டடம் பாஸ்!" என்றார். "மாடிக்கு ஒரு துண்டு எடுத்துண்டு போ. இன்னும் கத்துக்கறேன்னு சொல்லியே கொடு."